கடற்கரையில் ஓடிய ஜீப்பை அன்றைக்கே கழுவுங்கள்

திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிக் கடற்கரைப் பக்கம் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். மணலில் இறங்க முன்னமே நான்கு டயர்களிலும் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துவிடுங்கள். டயர் அகலமாகப் பதியும், லேசில் புதையாது. ஆனால் அந்தக் காற்றோடு சடாரென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்பக் காற்றடியுங்கள்.

எனக்குப் பெரிய கவலை உப்புதான். வீட்டுக்கு வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸியின் பக்கவாட்டில் விரல் நுழையும் ஓட்டைகள் இருக்கும்; அதற்குள் குழாயை விட்டு, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை அடியுங்கள். உள்ளே தங்கும் ஈர மணல்தான் சேஸியைத் தின்கிறது.

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாங்கப் போனாலும் இதே கவனம் வேண்டும். கீழே படுத்து, பின்சக்கரத்துக்கு மேலே சேஸி வளையும் இடத்தை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘பொத்’ என்று கேட்டாலோ, புதிதாய் அடித்த கறுப்புப் பூச்சோடு துருவும் செதில் செதிலாய் உதிர்ந்தாலோ, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.