தண்டின் குறுக்குவெட்டில் தாவரத் திசுக்களை அடையாளம் காண்பது எப்படி?

பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா, சைலம், புளோயம் என்று திசுக்களின் பெயர்களையும் பணிகளையும் அட்டவணையாகப் படித்தவர்கள்கூட, நுண்ணோக்கியில் ஒரு வெட்டைப் பார்த்து எது எது என்று சொல்ல நேரும்போது திணறிவிடுகிறார்கள். செல் சுவர் எந்த இடத்தில் தடித்திருக்கிறது, சாயத்தில் என்ன நிறம் பெறுகிறது என்ற இரண்டையும் பார்க்கப் பழகினால் பெயரும் பணியும் தாமாகவே மனத்தில் நிற்கும் என்பது என் அனுபவம். இளம் சூரியகாந்தித் தண்டைக் கொண்டு அந்த வழியை இங்கே விளக்குகிறேன். நுண்ணோக்கியைக் கையாளத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வெட்டுதல்

புதிய பிளேடு ஒன்றை எடுத்து, இரு பக்கமும் கூர் உள்ளதாயின் ஒரு பக்கத்தை நாடா ஒட்டி மூடிக்கொள்ளுங்கள். தண்டை நிமிர்த்திப் பிடித்து, பிளேடையும் தண்டின் மேற்பரப்பையும் நீரில் நனைத்து, அழுத்தாமல் உங்களை நோக்கி இழுத்தவாறு வெட்டுங்கள். மெலிந்த தண்டாக இருந்தால் பிளந்த கேரட் துண்டின் நடுவே செருகி இரண்டையும் சேர்த்து வெட்டலாம். முழு வட்டமாக வெட்டு வரவேண்டும் என்று பலர் முயன்று தடிமனான வெட்டுகளையே பெறுகிறார்கள். ஓரத்தில் மட்டும் மெலிந்து கண்ணாடிபோல் தெரியும் கால்வட்டத் துண்டே போதுமானது, ஏனெனில் புறத்தோலிலிருந்து பித் (தண்டின் நடுப்பகுதி) வரையிலான எல்லாத் திசுக்களும் அதில் வரிசையாகக் கிடைத்துவிடும். வெட்டு சாய்ந்துவிட்டால் நீரைக் கடத்தும் சைலக்குழாய்கள் நீள்வட்டமாகத் தெரியும். அத்தகைய வெட்டை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது நல்லது.

படி 2: சாயமேற்றுதல்

பெரும்பாலான ஆய்வகங்களில் சாஃப்ரனின் என்ற சாயம்தான் கிடைக்கும். அது லிக்னின் (செல் சுவரை விறைப்பாக்கும் பொருள்) படிந்த சுவர்களைச் சிவப்பாக்கும் என்றாலும், நேரம் கூடினாலோ சரியாகக் கழுவாவிட்டாலோ செல்லுலோஸ் சுவர்களும் சிவந்து, எல்லாம் ஒரே நிறமாகிவிடும். எனவே தொடங்குபவர்களுக்கு 0.05 சதவீத டொலுய்டின் நீலக் கரைசலையே நான் பரிந்துரைப்பேன். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்; லிக்னின் உள்ள சுவர்கள் பச்சை கலந்த நீலமாகவும், பெக்டின் என்ற பசைப்பொருள் மிகுந்த சுவர்கள் ஊதாவாகவும் பிரிந்து தெரியும். வெட்டுகளை இடுக்கியால் எடுக்காமல் மென்மையான தூரிகையால் எடுத்துக் கழுவி, ஸ்லைடில் ஒரு துளி நீரில் வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள்.

படி 3: வெளியிலிருந்து உள்ளே

முதலில் தெரியும் ஒற்றை அடுக்கு புறத்தோல். அதன் மேலுள்ள மெழுகுத்தன்மையுள்ள படலமான கியூட்டிகிள் நீரிழப்பைக் குறைக்கிறது. அதற்கு அடுத்த சில அடுக்குகள்தாம் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறாகப் பெயரிடும் இடம். சுவர் தடித்திருப்பதைக் கண்டதும் ஸ்கிளிரன்கைமா என்று குறித்துவிடுகிறார்கள். 40 மடங்கு பொருளருகு லென்ஸில் நிதானமாகப் பாருங்கள்: செல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் மூலைகளில் மட்டும் சுவர் தடித்து, மற்ற இடங்களில் மெலிந்திருக்கும், நிறம் ஊதாவாக இருக்கும். சாயமேற்றாத புதிய வெட்டில் அந்த மூலைகள் முத்தைப் போல வெண்மையாக மின்னும். இது கோலன்கைமா. இதன் செல்கள் உயிருள்ளவை. சுவரில் லிக்னின் இல்லாததால் தண்டு நீளும்போது தாமும் நீண்டு, அதே நேரத்தில் தாங்கலும் தருகின்றன.

இனி வாஸ்குலார் கற்றைக்கு (சைலமும் புளோயமும் சேர்ந்த தொகுதிக்கு) வெளியே தொப்பிபோல் அமைந்த பகுதிக்கு வாருங்கள். அங்கே சுவர் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தடித்து, உள்வெளி சுருங்கி, நிறம் பச்சை கலந்த நீலமாக இருக்கும். இவை ஸ்கிளிரன்கைமா நார்கள். முதிர்ந்தபின் பெரும்பாலும் உயிரற்றுப்போகும் இவற்றால் மேலும் நீள முடியாது. நீட்சி முடிந்த பகுதிக்கு உறுதியளிப்பதே இவற்றின் வேலை. இந்த இரண்டையும் ஒரே வெட்டில் மாறிமாறிப் பார்ப்பதற்காகத்தான் சூரியகாந்தியைத் தேர்ந்தெடுத்தேன். மக்காச்சோளத் தண்டில் புறத்தோலுக்கு அடியிலேயே ஸ்கிளிரன்கைமா இருக்கும் என்பதால் முதல் பயிற்சிக்கு அது குழப்பம் தரும்.

கோலன்கைமாவுக்கும் கற்றைக்கும் இடையிலும், நடுவே பித்திலும் இருப்பது பாரன்கைமா: மெல்லிய சுவர், உருண்ட செல்கள், செல் இடைவெளிகள். உணவைச் சேமிப்பது இதன் முக்கியப் பணி. கற்றைகளுக்குச் சற்று வெளியே உள்ள அடுக்கான அகத்தோலைத் தனியே காண விரும்பினால் இன்னொரு வெட்டில் அயோடின் விடுங்கள். ஸ்டார்ச் நிறைந்த அந்த அடுக்கு கருநீலமாகும்.

படி 4: கற்றைக்குள்

நார்த் தொப்பிக்கு உட்புறம் சிறிய செல்கள் நெருங்கிய, உணவைக் கடத்தும் புளோயம். அதிலுள்ள சல்லடைக்குழாய்ச் செல் முதிரும்போது உட்கருவை இழந்துவிடுவதால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு துணைசெல்லே அதன் இயக்கத்தைத் தாங்குகிறது. அடுத்து, செங்கல் அடுக்கியதுபோன்ற தட்டையான செல்வரிசை கேம்பியம். இந்த வெட்டில் நீங்கள் காணும் ஆக்குத்திசு (பிரிந்து புதிய செல்களைத் தரும் திசு) இதுவே. நுனி ஆக்குத்திசுவைக் காண வெங்காய வேர்நுனிதான் ஏற்றது. அதற்கும் உள்ளே அகன்ற வாயுடன் சைலக்குழாய்கள் ஆரவரிசையில் நிற்கும். பித்தை நோக்கிய குறுகலான குழாய்கள் முதலில் தோன்றிய புரோட்டோசைலம்.

பின்சேர்க்கை

செய்து பார்த்த வாசகர்கள் சிலர், கறுத்த விளிம்புடன் பெரிய வட்டங்கள் தெரிவதாகவும் அவை சைலக்குழாய்களா என்றும் கேட்டிருந்தார்கள். அவை காற்றுக் குமிழிகள். சைலக்குழாயின் சுவர் நிறமேறியிருக்கும், அண்டைச் செல்களோடு ஒட்டியிருக்கும். குமிழியோ செல்களின் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் அவற்றின் மேல் படர்ந்திருக்கும். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டு, எதிர்ப்புறம் வடிதாளை வைத்து உறிஞ்சினால் பெரும்பாலானவை வெளியேறிவிடும்.