டொமைனிலிருந்து கணினிகளை விலக்கியபோது கோப்புகளைக் காத்த விதம்

அலுவலகத்தின் பழைய சர்வரை நிறுத்துவதற்காக, 12 கணினிகளையும் டொமைனிலிருந்து, அதாவது பயனர் கணக்குகளைச் சர்வர் வழியே நிர்வகிக்கும் அமைப்பிலிருந்து விலக்கி, ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே வைத்திருக்கும் ஒர்க்குரூப்புக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் கணினியை விலக்கி, அதே பெயரில் லோக்கல் கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்தால், டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின்னைத் தவிர ஒன்றுமில்லை. அருகில் நின்ற கணக்காளரின் முகம் வெளிறிப்போனது. உண்மையில் எதுவும் அழியவில்லை. விண்டோஸ் ஒரு பயனரை எஸ்ஐடி என்னும் அடையாள எண்ணைக் கொண்டே அறிவதால், பெயர் ஒன்றாக இருந்தாலும் புதிய கணக்குக்குப் புதிய ப்ரொஃபைலை (பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டரை) உருவாக்குகிறது. பழையது சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, அனுமதி பெற்று, கோப்புகளைப் புதிய ப்ரொஃபைலுக்கு நகலெடுத்தேன்.

ஆனால் பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் திரும்பவில்லை. அவை பழைய கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. இஎஃப்எஸ் என்னும் விண்டோஸின் சொந்த முறையில் குறியாக்கம் செய்த கோப்புகளும் அப்படித்தான். ஆகவே மற்ற 11 கணினிகளில், டொமைன் கணக்கு உயிரோடு இருக்கும்போதே பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்து, குறியாக்கத்தை நீக்கி, அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்தேன். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரின் பண்புகளில் முகவரியைப் பார்ப்பது மிக முக்கியம்: இரண்டு கணினிகளில் அது சர்வரையே காட்டியது, அதாவது கோப்புகள் அந்தக் கணினியிலேயே இல்லை. டிரைவ் முழுவதையும் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் குறித்துக்கொண்டேன்.

லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் ஒருமுறை நுழைந்து சரிபார்த்த பிறகே ஒவ்வொரு கணினியையும் விலக்கினேன். பழைய ப்ரொஃபைல்களை இன்னும் நீக்கவில்லை.