வேக அபராதமும் கல்லூரி விண்ணப்பமும்: ‘கேஸ்’ என்ற ஒரு சொல்லால் நேரும் தவறுகள்

வடசென்னையில் போக்குவரத்துக் காவலர் அபராதம் விதித்தால், ‘ஃபைன் போட்டாங்க’ என்பதைப் போலவே ‘கேஸ் போட்டுட்டாங்க’ என்றும் சொல்வது வழக்கம். தலைக்கவசம் அணியாத இத்தனை பேர் மீது வழக்கு என்றுதான் செய்தித்தாள்களும் எழுதுகின்றன. பேச்சில் இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் கல்லூரி விண்ணப்பத்திலோ கடவுச்சீட்டுப் படிவத்திலோ ‘உங்கள் மீது குற்ற வழக்கு உள்ளதா?’ என்ற கேள்வி வரும்போது, அந்த ஒரு சொல் பிள்ளைகளை வீணாக அலைக்கழிக்கிறது.

கொருக்குப்பேட்டையில் உள்ள ஒரு மாலைநேரப் படிப்பகத்தில் மாணவர்களின் விண்ணப்பங்களை நிரப்ப உதவி வருகிறேன். பி.காம். முடித்து மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரவிருந்த ஒரு பெண், காசிமேட்டிலிருந்து தன் தாயுடன் வந்தார். வேக வரம்பை மீறியதற்காகக் கைபேசியில் வந்திருந்த அபராதச் சீட்டை, அதாவது சலானைத் திறந்து என் முன் வைத்தார். எண்ணூர் விரைவுச் சாலையில் எடுத்த படம் அது. ஸ்கூட்டரின் பின்புறமும் எண் பலகையும் தெளிவாக இருந்தன. ஓட்டியவரின் முதுகு மட்டுமே தெரிந்தது. ஓட்டியவர் அந்தப் பெண்ணின் தம்பி, வண்டி அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தது. “சார், என் பேர்ல கேஸ் இருக்குதா? இதுல ஆமான்னு போடணுமா, இல்லன்னு போடணுமா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தாயோ, “இல்லன்னே போடும்மா, யாரு போய்ப் பாக்கப் போறாங்க” என்றார். இருவரிடமும் நான் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, சலானையும் முதல் தகவல் அறிக்கையையும் ஒன்றாக எண்ணுவது. வேக வரம்பை மீறுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 183-ஆம் பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகுரக வாகனங்களுக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. இதற்குச் சிறைத் தண்டனை இல்லை. இதே சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி, குறித்த தொகையைச் செலுத்தி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றம் இது. அப்படித் தீர்த்துவிட்டால், அதற்காக மேற்கொண்டு வழக்கு நடத்தக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. குற்றவாளி என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதுவதில்லை. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையும் பதிவாவதில்லை. ஆகவே ‘தண்டனை பெற்றிருக்கிறீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்ற கேள்விக்கு, சலானை உரிய காலத்தில் கட்டி முடித்தவர் ‘இல்லை’ என்று எழுதினால் அது உண்மையான பதில்தான்.

அதே வேகம் வேறு பிரிவுக்குள் போய்விட்டால் நிலைமை முற்றிலும் மாறும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் கிடைத்த இடைவெளியில் முறுக்கிக்கொண்டு போய் ஒருவர் மீது இடித்துவிட்டால், அங்கே சலான் மட்டும் வருவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவின்படி, பொதுவழியில் அசட்டையாக ஓட்டுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 என்று நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான பிரிவு இதுதான். காயம் ஏற்பட்டால் 125, உயிர் போனால் 106 என்று பிரிவுகள் கூடும். இது காவல் நிலையப் பதிவேட்டில் ஏறும் வழக்கு. இதைச் ‘சின்ன டிராஃபிக் கேஸ்தானே’ என்று சொல்லிப் படிவத்தில் மறைப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே மிகவும் ஆபத்தானது. அபராதத் தொகை சலானை விடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் தொகையைப் பார்க்காதீர்கள், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

இனி, கட்டாமல் கிடப்பில் போடுவது. ‘ஆயிரம் பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள், நம்மை மட்டும் தேடி வருவார்களா’ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கட்டாத சலான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினால், தொகை அதேயாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது நீதிமன்றம் விதித்த தண்டனை. முன்பு நேர்மையாக ‘இல்லை’ என்று எழுத முடிந்த இடத்தில் இப்போது விளக்கம் எழுத வேண்டியிருக்கும். கடவுச்சீட்டுப் படிவம் குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைக் கேட்கிறது. கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதை மறுப்புக்கான காரணங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சலானைக் கட்டியவருக்கு அந்தக் கவலை எழவே வழியில்லை.

கட்டிவிட்டால் எல்லாமே அழிந்துவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. 2019 திருத்தத்தின்படி, பணம் கட்டித் தீர்த்த குற்றமும் அடுத்த முறை அதே தவறைச் செய்யும்போது முந்தைய குற்றமாகக் கணக்கில் வரும். இரண்டாம் முறை வேக மீறலில் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்யலாம். 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாத உரிம இடைநீக்கம் வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கல்லூரிக்கு இது தெரியாமல் போகலாம். ஆனால் உணவு விநியோக வேலை செய்துகொண்டே படிக்கும் பிள்ளைக்கு உரிமம் போவது, கல்விக் கட்டணம் கட்டும் வழியே அடைபடுவதற்குச் சமம். சென்னையில் 2023 நவம்பரில் இருசக்கர வாகனத்துக்கு மணிக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று வரம்பு அறிவிக்கப்பட்டது. நம் தெருக்களில் 30 என்பது பலர் நினைப்பதைவிட மெதுவான வேகம்.

கேமரா படத்தின் பேரில் வரும் சலான் ஓட்டியவருக்கு வருவதில்லை, பதிவுச் சான்றில் பெயர் உள்ளவருக்கே வருகிறது. பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு, எங்கோ மணலியில் யாரோ ஓட்டியதற்கான சலான் வந்து நிற்கிறது. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் டியூஷனுக்குப் போக வண்டிச் சாவியைக் கொடுப்பதோ இன்னும் கொடுமையான விளைவைத் தருவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய சட்டம் இது.

எந்தப் படிப்புக்கு எது பொருந்தும் என்பதில் பெரிய குழப்பம் தேவையில்லை. மருத்துவச் சேர்க்கை நீட் மதிப்பெண், தரவரிசை, இட ஒதுக்கீட்டின்படி நடக்கிறது. ராயபுரத்துப் பிள்ளைக்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதை ஒரு வேகச் சலான் தடுக்காது. சட்டப் படிப்பில்தான் கவனம் வேண்டும். 2024 செப்டம்பரில் இந்திய வழக்கறிஞர் கழகம் அனுப்பிய சுற்றறிக்கை, சட்ட மாணவர்கள் தம் மீதுள்ள முதல் தகவல் அறிக்கை, குற்ற வழக்கு, தண்டனை, விடுதலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்றும், மறைத்தால் இறுதி மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் நிறுத்திவைக்கலாம் என்றும் சொல்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்வதைத் தடுக்கும் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு, முதன்மையாக ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைப் பற்றியது. வேக மீறல் அந்த வகையில் சேராது. ஆக, உள்ளதைச் சொல்பவருக்கு இழப்பு அநேகமாக எதுவும் இல்லை.

அரசு வேலைக்கான சரிபார்ப்பிலும் இதே நியாயம்தான். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், கேட்கப்பட்ட விவரத்தை உண்மையாகத் தர வேண்டும் என்றும், சிறு குற்றம் என்றால் அதைப் பொருட்படுத்தாமல் விட நியமன அதிகாரிக்கு இடமுண்டு என்றும் கூறியது. காவலர் பணிக்குப் போக விரும்புபவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகள், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன. ‘விடுதலை ஆகிவிட்டது, சொல்ல வேண்டியதில்லை’ என்று விட்டுவிட்டால் அது மறைத்ததாகிவிடும்.

வெளிநாட்டுப் படிவங்களில் சொற்களை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பம் குற்றத் தண்டனைகளைக் கேட்கிறது. சாதாரண வேகச் சீட்டு பெரும்பாலும் அதில் வராது. ஆனால் வர்ஜீனியா மாநிலத்தில் மணிக்கு 85 மைலுக்கு மேல் ஓட்டுவது குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேள்வி கேட்கின்றன; சில கல்லூரிகள் சிறு போக்குவரத்து மீறல்களை விலக்குகின்றன, சில கல்லூரிகள் அவற்றையும் எழுதச் சொல்கின்றன. பின்னாளில் வழக்கறிஞர் தகுதியை ஆராயும் குழு அந்த விண்ணப்பத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். பிரிட்டன் விசா படிவத்திலோ வாகனம் ஓட்டிய குற்றத்துக்கான தண்டனை பற்றி வெளிப்படையாகவே ஒரு கேள்வி உண்டு.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் சலான்’ என்று செயலியாக வரும் கோப்பை ஒருபோதும் நிறுவ வேண்டாம். வங்கிக் கணக்கைத் துடைத்து எடுக்கும் மோசடி அது. மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணை நாமே இட்டுப் பார்ப்பதே சரியான வழி.

காசிமேட்டுப் பெண்ணும் அன்று மாலை அப்படித்தான் பார்த்தார். சலான் உண்மையானதுதான், நீதிமன்றத்துக்கு இன்னும் போகவில்லை. தம்பியை வரவழைத்து, அவர் கையாலேயே பணத்தைக் கட்டச் செய்தோம். சலானையும் ரசீதையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சான்றிதழ்க் கோப்பில் சேர்த்தோம். அதன் பிறகு அவர் படிவத்தின் கேள்வியைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டார்.