தூளிக் கயிறும் கால் கட்டைவிரலும்: குழந்தைத் தூக்கத்தில் தவிர்க்க வேண்டியவை

குப்புறப் படுக்க வைக்காதீர்கள், பக்கத்தில் பொம்மையும் போர்வையும் குவிக்காதீர்கள் என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தவர்களும் விடாமல் செய்கிறவை சில உண்டு.

அசந்து தூங்கும்வரை தூளியை ஆட்டுவது

நள்ளிரவு இரண்டு மணி. விட்டத்துக் கொக்கியில் தூளி தொங்குகிறது. அதில் கட்டிய கயிற்றின் மறுமுனை, தரையில் படுத்திருக்கும் அம்மாவின் கால் கட்டைவிரலில். குழந்தை சிணுங்கினால் கால் தானாக ஆடும். இந்தக் காட்சி இல்லாத தெரு குறைவு.

கைக்குழந்தையின் தூக்கம் சுமார் 50 நிமிடச் சுற்றுகளாக ஓடும். சுற்று முடியும்போதெல்லாம் லேசாக விழிப்புத் தட்டும். நமக்கும் தட்டும், புரண்டு படுத்துவிடுவோம். ஆட்டத்திலேயே கண்மூடிப் பழகிய குழந்தைக்கு, விழிக்கும்போது ஆட்டம் நின்றிருக்கும். உடனே அழுகை. மறுபடி ஆட்டினால்தான் அடங்கும். இரவில் ஐந்தாறு முறை இதே கதை.

எரிச்சல் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். "பால் பத்தல, அதான் எந்திரிக்குது" என்று யாராவது தீர்ப்புச் சொல்ல, புட்டிப்பால் வீட்டுக்குள் வந்துவிடும். எடை ஒழுங்காக ஏறி, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிற குழந்தைக்குத் தாய்ப்பால் போதுகிறது என்றுதான் அர்த்தம். குறை பாலில் இல்லை, ஆட்டத்தில்.

பாதுகாப்பும் இடிக்கிறது. தூளியில் உடல் வளைந்து முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுப்பாதை குறுகும். சேலைத் துணி முகத்தில் மூடும். அம்மா அசந்துவிட்டால் கவனிக்க ஆளில்லை. புரளத் தொடங்கிய குழந்தைக்குத் தூளியே வேண்டாம். அதற்கு முன்பும், தூங்கியதும் தட்டையான, கெட்டியான படுக்கைக்கு மாற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பழக்கத்தை மாற்றத் தொடங்க, குழந்தைக்கு நான்கு மாதம் நிறையட்டும். இரவின் முதல் தூக்கத்தில் தொடங்குங்கள். களைப்பு அதிகமாக இருப்பது அப்போதுதான். முதல் மூன்று நாள் கண் சொருகியதும் ஆட்டத்தை நிறுத்துங்கள். அடுத்த மூன்று நாள் ஆட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஏழாம் நாள் தூளியை விட்டுவிட்டு, முழித்திருக்கும்போதே படுக்கையில் கிடத்தி, மார்பில் மெல்லத் தட்டிக்கொடுங்கள். சிணுங்கியதும் பாயாதீர்கள், ஒரு நிமிடம் பொறுங்கள்; பல சிணுங்கல்கள் தூக்கத்தில் வருபவை. காய்ச்சல் வந்தால் நிறுத்தி, குணமானபின் தொடருங்கள். இடையில் ஒருநாள் பாட்டி தூளியைக் கட்டுவார். கட்டட்டும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து பிடியுங்கள்.

பகல் தூக்கத்தைப் பிடுங்குவது

பகலில் தூங்காவிட்டால் இரவில் நன்றாகத் தூங்கும் என்ற கணக்கு பெரியவர்களுக்குச் சரி. குழந்தை அளவுக்கு மீறிக் களைத்தால் முரண்டு பிடிக்கும், தூக்கம் தள்ளிப்போகும். ஆறு மாதக் குழந்தை தொடர்ந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் விழித்திருக்கும். ஒரு வயதில் மூன்று, நான்கு மணி நேரம். பகலும் இரவும் சேர்த்து 4–12 மாதத்தில் 12 முதல் 16 மணி நேரம், 1–2 வயதில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை. ஒன்றேகால், ஒன்றரை வயதில் பகல் தூக்கம் ஒன்றாகச் சுருங்கும். அப்போது மதியச் சோற்றுக்குப் பிறகு படுக்கவைத்து, நான்கு மணிக்குள் எழுப்பிவிடுங்கள்.

இரவு ஒன்பதரைக்கு வரும் அப்பா

வந்ததும் தூக்கிப்போட்டு விளையாட வேண்டாம், தூக்கம் கலைந்துவிடும். காலையில் விளையாடலாம்.

கடுகுத் தலையணை

ஒரு வயதுவரை எந்தத் தலையணையும் வேண்டாம். தலை உருண்டையாக வேண்டுமா? முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

வசம்பு, தேன், சளி சிரப்

தூங்கவைப்பதற்கென்று எதுவும் வேண்டாம். ஒரு துளிகூட.

வாயில் புட்டியோடு உறங்கவிடுவது

பால் இரவு முழுக்கப் பல்லில் தங்கி, முன்பற்கள் சொத்தையாகும். ராகிக் கஞ்சிப் புட்டிக்கும் இதே கதிதான். பல் முளைத்தபின் வரிசையை மாற்றுங்கள்: பால் முதலில், பிறகு ஈரத்துணியால் பல்லைத் துடைப்பது, அப்புறம் தாலாட்டு.