வாழைமட்டையிலிருந்து ஒரு கம்மல்: பாலிமர் களிமண்ணுக்குக் கருப்பொருள் தேடும் முறை

சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் களிமண்ணான பாலிமர் களிமண்ணை வாங்கிப் பிசையக் கற்றுக்கொண்ட பெரும்பாலோர் இரண்டாவது வாரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: கை தயாராக இருக்கிறது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. உடனே கைப்பேசியை எடுத்துப் பிறர் செய்த ரோஜாப்பூக் கம்மல்களைப் பார்க்கத் தொடங்கினால், நாமும் இன்னொரு ரோஜாப்பூதான் செய்வோம். திருநெல்வேலிச் சீமையில் இருப்பவருக்கு அந்தத் தேவையே இல்லை. பத்தமடைப் பாயின் மெல்லிய வரிகள், கடைசலில் உருண்ட அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், கூந்தன்குளத்துக்கு வரும் நாரைகளின் இறகு என்று எதையும் எடுக்கலாம். நான் இங்கே எடுத்துக்கொள்வது இவற்றையெல்லாம்விடச் சாதாரணமான ஒன்று: தார் வெட்டியபின் தோப்பில் சாய்த்துப் போட்டிருக்கும் வாழைமரம்.

படி 1: ஒரே பொருளை எடுத்து, அதை வெட்டிப் பாருங்கள்

ஒரு பொருளின் வெளி உருவத்தை மட்டும் பார்த்தால் பொம்மைதான் வரும். அது உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் வடிவமைப்பு கிடைக்கும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் கேட்டால், வெட்டிப்போட்ட மரத்தில் ஒரு சாண் துண்டு தர யாரும் மறுக்க மாட்டார்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள்; வாழைக்கறை துணியில் பட்டால் போகாது.

கூர்மையான கத்தியால் குறுக்காக நறுக்கிய முகத்தை நிதானமாகப் பாருங்கள். நடுவில் நாம் பொரியல் செய்யும் தண்டு வெள்ளையாக, வட்டமாக இருக்கும். அதைச் சுற்றி மட்டைகள் ஒன்றையொன்று தழுவியபடி பிறைபிறையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பிறையும் நடுவில் பருத்து ஓரங்களில் மெலிந்திருக்கும். அதற்குள் மெல்லிய சுவர்களால் பிரிக்கப்பட்ட காற்றறைகள் ரயில் பெட்டியின் சன்னல்களைப்போல வரிசையாக நிற்கும். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வெட்டிய முகம் பழுப்பேறத் தொடங்கியிருக்கும். அந்தப் பழுப்பும் நமக்கு வேண்டிய நிறம்தான்.

படி 2: வரைவதற்கு முன் எழுதுங்கள்

ஒரு நோட்டில் பார்த்ததைச் சொற்களாக எழுதுங்கள்: "பிறை, அறை, சுவர், வெளியே பச்சை, உள்ளே போகப்போக வெள்ளை, வெட்டிய இடத்தில் பழுப்புக் கோடு." வரையத் தெரியாதவர்களுக்கு இது ஆறுதலான வழி என்பதற்காகச் சொல்லவில்லை, எழுதும் ஒவ்வொரு சொல்லும் களிமண்ணில் ஒரு வேலையாக மாறும் என்பதற்காகச் சொல்கிறேன். அறை என்றால் ஒரு திரி, சுவர் என்றால் அதைச் சுற்றும் மெல்லிய தகடு, பச்சை வெள்ளையாக மாறுவது என்றால் நிறக்கலவை.

படி 3: நிறங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

வெள்ளை, இளம்பச்சை, ஒளி ஊடுருவும் களிமண், துளி மஞ்சள், துளி பழுப்பு ஆகியவை போதும். பாக்கெட்டிலிருந்து வரும் பச்சை பெரும்பாலும் பிளாஸ்டிக் வாளியின் பச்சையாக இருக்கும். சிறிது மஞ்சளும் கடுகளவு பழுப்பும் சேர்த்தால் அது மட்டையின் பச்சைக்கு இறங்கி வரும். பச்சையிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் தகட்டுக்கு, ஜூடித் ஸ்கின்னர் என்ற அமெரிக்கக் கலைஞரின் பெயரால் அழைக்கப்படும் முறை உண்டு: இரு நிறங்களையும் முக்கோணங்களாக வெட்டிச் செவ்வகமாகச் சேர்த்து, எப்போதும் ஒரே திசையில் மடித்து, இருபது முறைக்குக் குறையாமல் உருட்டித் தேய்க்க வேண்டும். திசை மாறினால் நிறப்படிகள் கலைந்துவிடும்.

படி 4: கோல் கட்டுங்கள்

எந்த இடத்தில் அறுத்தாலும் ஒரே படம் தெரியும் நீளக் களிமண் உருளையைக் கேன் என்பார்கள். தண்ணீர்க் கேனோடு குழம்பாமலிருக்க நான் கோல் என்றே எழுதுகிறேன்.

ஒளி ஊடுருவும் களிமண்ணில் மிகச் சிறிதளவு பச்சை கலந்து, 5 சென்டிமீட்டர் நீளத்தில் ஏழு திரிகள் உருட்டுங்கள். நடுவில் வருபவை தடிமனாகவும் ஓரத்துக்குப் போகப்போக மெல்லியதாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் 1 மில்லிமீட்டர் வெள்ளைத் தகட்டால் சுற்றி, வரிசையாக ஒட்டி, மேலே பச்சைத் தகடும் கீழே வெள்ளைத் தகடும் வைத்து மூடி, பிறையாக வளையுங்கள். பச்சைத் தகட்டின் மேல் நூல்போல ஒரு பழுப்புத் தகட்டையும் ஒட்டினால், கறைபட்ட விளிம்பு கிடைக்கும்.

இனி இந்தப் பிறையைச் சிறிதாக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி, மெல்ல இழுத்துவாருங்கள். அகலம் பாதியாகும்போது நீளம் நான்கு மடங்காகும். அதாவது 5 சென்டிமீட்டர் கோல் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதை நான்காக வெட்டி, நடுவில் ஒரு வெள்ளைத் திரியைத் தண்டாக வைத்து, பிறைகளை ஒன்றையொன்று தழுவும்படி அடுக்கினால் வாழையின் குறுக்குவெட்டு உங்கள் மேசையில் இருக்கும். இரு முனைகளிலும் படம் சிதைந்துதான் இருக்கும். அந்தத் துண்டுகளை எறியாமல் எடுத்து வையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு குறிப்பு. சித்திரை மாதத்தில் கோல் வெண்ணெய்போல் குழைந்திருக்கும்; அப்போது வெட்டினால் வட்டம் நசுங்கி முட்டையாகிவிடும். உறையில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் கால் மணி நேரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கோலைச் சற்று உருட்டித் திருப்பி, 3 மில்லிமீட்டர் வில்லைகளாக அறுங்கள். களிமண் பாக்கெட்டை வெயில் படும் சன்னலோரத்திலோ ஸ்கூட்டர் டிக்கியிலோ வைத்தால், சுடுவதற்கு முன்பே அது பாதி வெந்து உதிரத் தொடங்கும்.

படி 5: முதலில் ஒரு வில்லையை மட்டும் சுடுங்கள்

பாலிமர் களிமண் பிவிசியால் ஆனது. நிழலில் உலர வைத்தால் கெட்டியாகாது, சூட்டில்தான் இறுகும். வெப்பநிலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். உறையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள். மைக்ரோவேவ் கூடாது.

என் முதல் வாழைக் கம்மல்கள் முறுகிய அதிரசத்தின் நிறத்தில் வெளியே வந்தன. ஓவனின் திருகு 130 என்று காட்டியது. உள்ளே இருந்த சூடு அதைவிட மிக அதிகம். அன்றே ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கினேன். களிமண் கருகினால் எரிச்சலூட்டும் புகை வரும்; உடனே ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். களிமண்ணுக்குப் பயன்படுத்தும் கத்தி, தட்டு, உருளை எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

வெந்த வில்லையை நோட்டில் எழுதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் களிமண் சுட்டபின் நிறம் கூடித் தெரியும் என்பதால், அறைகளின் பச்சை நினைத்ததைவிட அழுத்தமாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த கோலில் பச்சையைப் பாதியாகக் குறையுங்கள்.

படி 6: அதே மரத்திடம் மறுபடி போங்கள்

இந்த இடத்தில்தான் பலரும் புதுப்பொருள் தேடி ஓடுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். பூக்கட்ட வைத்திருக்கும் வாழைநாரை இன்னும் சுடாத களிமண் தகட்டின் மேல் அழுத்தினால் நெடுக்குவரிகள் கிடைக்கும். ஏத்தன் (நேந்திரன்) காயின் விளிம்புகள் ஒரு மணியின் வடிவத்தைத் தரும். வாழைப்பூவின் மடலோ வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே வேறு சிவப்பு; இரண்டையும் கலந்து பார்க்கவே ஒரு மாலைப்பொழுது வேண்டும். எடுத்துவைத்த முனைத்துண்டுகளை ஒன்றாகப் பிசைந்தால் சருகின் நிறம் வரும். அதில் சிறு மணிகள் உருட்டி, வில்லைக்கு மேலே கொக்கியோடு கோத்துவிடலாம்.