ரிசர்வ் ஆட்டத்தில் ஸ்கோரை விடுங்கள், நிமிடங்களை எண்ணுங்கள்

கீழ் டிவிஷன் கால்பந்து கிளப்பில் ரிசர்வ் அணியை, அதாவது முதல் அணிக்கு அடுத்த அணியை, பார்த்துக்கொள்பவன் நான். என் நோட்டில் கோல் கணக்கு இருக்காது. யார், எந்த இடத்தில், எத்தனை நிமிடம் ஆடினான் என்பது மட்டும்தான். மூன்று வாரத்தில் ஒருவன் மொத்தமே 40 நிமிடம் ஆடியிருந்தால், அடுத்த ஆட்டத்தில் முழு 90 நிமிடமும் அவனுக்குத்தான். தோற்றாலும் பரவாயில்லை.

காயம் ஆறித் திரும்பும் சீனியர்கள் ரிசர்வில் ஆட வருவார்கள். இடத்தை அடைக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் 17 வயது லெஃப்ட் பேக் (இடதுபக்கத் தடுப்பாளர்) ஒருவன் இருந்தான். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் பார்க்கவே மாட்டான். ஆறு மாதம் கத்திப் பார்த்தேன், பலனில்லை. ஒருநாள் சீனியர் சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) ஒருவரை அவன் பக்கத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு பாஸுக்கும் முன் "பின்னாடி பாரு" என்றார் அவர். இடைவேளைக்குள் பையன் தானாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்!

பெரிய கிளப்புகள் கழித்துவிட்டவர்களையும் தேடுங்கள். இங்கிலாந்து கிளப்பான பிரெண்ட்ஃபோர்ட் 2016இல் சிறுவர்களை வளர்க்கும் அகாடமியை மூடி, பி அணி (முதல் அணிக்கு அடுத்த அணி) தொடங்கியது அப்படிப்பட்டவர்களை நம்பித்தான்.

சரி, முதல் அணிக்கு எப்போது அனுப்புவது? இரண்டு கோல் முன்னிலையில், கடைசி 15 நிமிடத்துக்கு, அவன் பழகிய இடத்திலேயே இறக்கச் சொல்லுங்கள். அப்புறம், தப்பு செய்தால் அன்றைக்கே திட்ட வேண்டாம். மறுநாள் வீடியோவில் இரண்டே காட்சிகளைக் காட்டுங்கள், முதலில் நன்றாக ஆடியதை.