பேஜ் லோடில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள்

மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கம் கட்டும் முறையான ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதிய பக்கம் மந்தமாக இருந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது, பக்கம் ஏறும்போது சர்வரில் ஓடும் பேஜ் லோடைத்தான். டிராப்டவுன், கிரிட் (டேட்டாவை வரிவரியாகக் காட்டும் அட்டவணை), பயனர் விவரம் என டேட்டாபேஸைக் கேட்கும் எல்லாக் குவெரியும் அங்கேதான் குவிந்து கிடக்கும். பக்கம் திறக்கும்போது ஒரே ஒரு முறை ஓடும் என்ற நினைப்பு. உண்மையில் பட்டனை அழுத்தினாலும், ஆட்டோ போஸ்ட்பேக் (மாற்றியதும் பக்கத்தைத் தானே சர்வருக்கு அனுப்பும் அமைப்பு) வைத்த டிராப்டவுனை மாற்றினாலும் சர்வரில் பக்கம் புதிதாக உருவாகிறது, பேஜ் லோட் மறுபடி ஓடுகிறது. கிளிக் ஈவென்ட் அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசை தெரியாவிட்டால் வேகத்தோடு டேட்டாவும் போகும். ஒரு எடிட் பக்கம். தொலைபேசி எண்ணை டேபிளிலிருந்து எடுத்து டெக்ஸ்ட் பாக்ஸில் நிரப்பும் கோடு பேஜ் லோடில் இருக்கிறது. பயனர் எண்ணை மாற்றி 'சேமி' அழுத்துகிறார். அவர் தட்டிய புது எண் டெக்ஸ்ட் பாக்ஸில் ஏறுகிறது. அடுத்து ஓடும் பேஜ் லோட் பழைய எண்ணை அதன் மேல் எழுதிவிடுகிறது. கடைசியாக வரும் கிளிக் ஈவென்ட் அந்தப் பழைய எண்ணையே பத்திரமாகச் சேமிக்கிறது. எர்ரர் எதுவும் வராது. அப்டேட் குவெரியில்தான் கோளாறு என்று அரை நாள் தேடலாம்.

இஸ்போஸ்ட்பேக் ஃபால்ஸாக இருந்தால் மட்டும், அதாவது பக்கம் முதல் முறை திறக்கும்போது மட்டும், நிரப்பு என்று ஒரு இஃப் போட்டால் இது தீர்ந்தது. ஆனால் அதையே எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. குவெரி ஓடாதபோது கிரிட்டின் வரிகள், பக்கத்தின் முந்தைய நிலையைச் சுமக்கும் வியூஸ்டேட்டிலிருந்து வருகின்றன. அது பக்கத்துக்குள்ளேயே மறைந்திருந்து ஒவ்வொரு முறையும் பிரவுசருக்குப் போய்த் திரும்புகிறது. பெரிய கிரிட் என்றால் அந்தச் சுமைக்கு ஒரு குவெரியே மேல். அரிதாக மாறும் டிராப்டவுன் பட்டியலை சர்வரில் கேஷ் செய்துவிடுங்கள், அதாவது ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு அதையே திரும்பக் கொடுங்கள்.

நீக்கு, தேடு, வரிசைப்படுத்து என ஒவ்வொரு ஈவென்ட்டும் கிரிட்டைத் தனித்தனியாக பைண்ட் செய்வதும் (டேட்டாவை எடுத்து நிரப்புவதும்) வீண்தான். ஈவென்ட்டில் 'டேட்டா மாறிவிட்டது' என்று ஒரு ஃபிளாக் மட்டும் வைத்துவிட்டு, எல்லா ஈவென்ட்டும் முடிந்து வரும் ப்ரீரெண்டர் கட்டத்தில் ஒரே முறை பைண்ட் செய்யலாம். எனக்குப் பிடித்த முறை இது.

கிரிட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை ஓடும் ரோ டேட்டாபவுண்டுக்குள் குவெரி எழுதாதீர்கள். 50 வரிக்கு 50 குவெரி, பட்டியலை எடுத்ததோடு சேர்த்து 51. டேபிள்களை இணைத்து எடுக்கும் ஒரு ஜாயின் போதும். கிரிட்வியூவில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும் பேஜிங்கை மட்டும் ஆன் செய்தால் திரையில் 10 வரிதான் தெரியும், டேபிள் முழுக்க வந்து இறங்கியிருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல், இத்தனை வரியைத் தாண்டி இத்தனை வரி கொடு என்று கேட்கும் ஆஃப்செட்–ஃபெட்ச் இருக்கிறது; வேண்டிய வரிகளை மட்டும் கேளுங்கள்.

அப்டேட் பேனலை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. திரையில் ஒரு துண்டுதான் மாறுகிறது, சர்வரில் முழு பேஜ் லோடும் ஓடுகிறது. தேடல் பெட்டியில் ஒவ்வொரு கீ அப்புக்கும் சர்வரைக் கூப்பிடுவதும் இந்த ரகம்தான். தட்டுவதை நிறுத்தி 300 மில்லிசெகண்ட் கழித்து அனுப்பினால் போதும்.

திருத்துவதற்கு முன், டேட்டாபேஸுக்குப் போகும் குவெரிகளைக் காட்டும் எஸ்க்யூஎல் புரொஃபைலரை ஓடவிட்டு, ஒரே ஒரு பட்டனை அழுத்தி எத்தனை செலக்ட் குவெரி போகிறது என்று எண்ணுங்கள். ஒரே செலக்ட் இரண்டு முறை தெரிந்தால் ஒன்று பேஜ் லோடிலிருந்தும் மற்றது கிளிக்கிலிருந்தும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.